மஞ்சள் கோடு

கொக்குவிலில் காங்கேசன்துறை வீதியை விட்டு இறங்கும் ஒழுங்கையொன்றில், பூவரசு வேலிக்கு உள்ளே அந்தக் கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, ஒயில் ஊறிக் கறுத்த நிலம், நடுவில் ஆள் இறங்கி நின்று வேலை செய்யும் குழி. சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் போனபோது எனக்கு முன்னே இரண்டு கார்கள் வந்து நின்றன. ஒன்று ஒஸ்ரின் ஏ40 சொமர்செற். 1952க்கும் 1954க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்த சாதி. மற்றது ஹொண்டா வெசல், ஜப்பானில் யாரோ ஓடிவிட்டு விற்றது. மூன்றாவதாக என்னுடைய காரை நிறுத்தினேன். மூன்றுக்கும் ஒரே வருத்தம்தான்: கியர்பொக்ஸ்.

என் காரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 பங்குனியில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. டொலர் இல்லை. அதற்குப் பிறகு சில வருடங்கள், புதுக்கார் வேண்டுமென்றால் உள்நாட்டில் பூட்டுகிற சில வகைகள்தான் இருந்தன. 2023 பங்குனியில் அப்படியொன்றை வாங்கினேன். ஓட்டோ கியர். மூன்று வருடம் அல்லது 1 இலட்சம் கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம். 38 ஆயிரம் கிலோமீற்றரில் நடுக்கம் தொடங்கியது. கல்வியங்காட்டுச் சந்தியில் நிறுத்தி எடுத்தால், பத்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வேகத்தில், கரடுமுரடான கல்லில் மாட்டுவண்டி ஏறியதுபோல் ஒரு குலுக்கம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

மலைநாட்டில் ஓடித் தேய்ந்த கார் என்றால் மனம் ஆறும். எங்கள் ஊரில் மலை என்று பெயர் வைத்திருப்பது கீரிமலை ஒன்றுதான்; அங்கேயும் ஏறுவதற்கு ஒன்றுமில்லை, கேணிக்குள் இறங்கத்தான் படி. குடாநாட்டைத் தாண்டாத காருக்கு எப்படி இந்த நோய் வந்தது?

கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். யாழ்ப்பாணத்துக் கிளையில் சேவிஸ் மட்டும்தான், கியர்பொக்ஸில் கை வைப்பதில்லை, கொழும்புக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அதே வாரம் நண்பர் ஒருவர் வேறு வழி சொன்னார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் பெட்டி எடுக்கலாம், இரவு பஸ்ஸில் போட்டுவிட்டால் விடிய யாழ்ப்பாணம், ஒரு நாள் வேலை. அந்த யோசனையோடுதான் கொக்குவிலுக்குப் போனேன்.

மெக்கானிக் அண்ணைக்கு எழுபது தாண்டியிருக்கும். சாரத்தை மடித்துக் கட்டியபடி ஒஸ்ரினுக்குக் கீழே குழியில் நின்றார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டார்.

"வொறண்டி இருக்கோ?"

"வாற பங்குனி மட்டும் இருக்கு, அண்ணை."

"அப்ப நான் தொடமாட்டன்."

எனக்கு ஏமாற்றம். இந்த மனிதர் தொடாத கார் வலிகாமத்தில் இல்லை என்பார்கள். குழியை விட்டு ஏறி வந்தார். கராஜ் பொடியனிடம் ரோச் வாங்கிக்கொண்டு என் காருக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்தார். என்னையும் படுக்கச் சொன்னார்.

"இஞ்ச பாரும். பெட்டியும் எஞ்சினும் சேருற இடம். ஆணித் தலையில என்ன தெரியுது?"

முதலில் தூசிதான் தெரிந்தது. ரோச்சைச் சாய்த்துப் பிடித்தார். ஒவ்வொரு ஆணியின் தலையிலும் தொடங்கி, வாசரைத் தாண்டி, அலுமினிய உடல்வரை ஒரு மெல்லிய மஞ்சள் கோடு. பெயின்ற் பேனையால் இழுத்தது. தொழிற்சாலையில் ஆணியை உரிய இறுக்கத்துக்கு முறுக்கிய பிறகு, முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாகப் போடுகிற கோடு. ஆணி கொஞ்சம் திரும்பினாலும் தலையில் இருக்கிற பாதியும் உடலில் இருக்கிற பாதியும் நேரே நில்லாது.

"நான் எவ்வளவு துப்புரவா வேலை செய்தாலும் இந்தக் கோடு சொல்லிக்குடுக்கும், தம்பி. கழட்டினால் அவைக்குப் பார்த்தவுடன தெரியும். பிறகு பெட்டி மட்டுமில்லை, எஞ்சினில ஒரு சத்தம் வந்தாலும் என்ர தலையிலயும் உம்மட தலையிலயும்தான் போடுவினம்."

இரண்டாவது காரணம் அந்தப் பெட்டியின் சாதி. என் காரில் இருப்பது பல்லுச் சில்லுகள் மாறி மாறிக் கடிக்கிற பழைய கியர் இல்லை. இரண்டு கூம்புக் கப்பிகள், நடுவே உருக்குத் துண்டுகள் கோத்த ஒரு பட்டி. கப்பி விரிந்து சுருங்க, பட்டி மேலும் கீழும் ஏறி இறங்கும். முதலாம் கியர், இரண்டாம் கியர் என்று எல்லையே கிடையாது. இந்த யோசனையை ரப்பர் பட்டியோடு முதன்முதல் காரில் விற்றது டாஃப் என்ற ஒல்லாந்துக் கொம்பனி, 1950களின் கடைசியில். உருக்கும் உருக்கும் வழுக்காமல் பிடிப்பதற்கென்றே தனி ஒயில் வேண்டும். சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் கொஞ்ச நாளில் பட்டி வழுக்கிக் கப்பியில் கோடு விழும். ஊரில் எத்தனையோ கார்களுக்கு அப்படித்தான் சாவு வந்தது என்றார் அண்ணை.

"ஒயில் மாத்தினநீரோ?"

"இல்லை."

"நல்லகாலம்."

இதற்கு மேல், பெட்டிக்கு ஒரு மூளை உண்டு. எந்த வால்வு எவ்வளவு அமுக்கத்தில் திறக்கிறது என்ற கணக்கு பெட்டிக்குப் பெட்டி சற்று வேறுபடும். அதைத் தொழிற்சாலையிலேயே அளந்து, பெட்டியில் ஒட்டிய சீட்டில் குறியீடாகப் போட்டிருப்பார்கள். புதுப்பெட்டி பூட்டினால் அந்தக் கணக்கைக் காரின் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் ஏற்ற வேண்டும். ரீகண்டிஷன் பெட்டியில் சீட்டு கிழிந்திருக்கும், அல்லது அதே உருவத்தில் வேறு காரின் பெட்டியாக இருக்கும். பூட்டலாம், ஓடும். குலுக்கம் போகுமா என்பது வேறு கதை.

மூன்று நிமிடத்தில் என் திட்டம் முடிந்துவிட்டது. போக மனமில்லை. பிளேன்ரீ வந்தது. ஒஸ்ரினில் நடப்பதைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

நிலத்தில் இரண்டு பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்று ஒஸ்ரினின் சொந்தப் பெட்டி: இரும்பு வார்ப்பு, நாலு கியர், முதலாம் கியருக்கு ஒத்திசைக்கும் வளையம் கிடையாது. அதனால் கார் முற்றாக நின்ற பிறகுதான் முதலாம் கியர் விழும். அவசரப்பட்டால் பல்லு நெரிகிற சத்தம் தெருமுனைவரை கேட்கும். கியர் தடி ஸ்ரேறிங்குக்குக் கீழே. மற்றது பின்சில்லு இழுக்கிற காலத்து நிசான் சனியிலிருந்து கழற்றிய அஞ்சு கியர் பெட்டி. அலுமினியம், ஒரு ஆள் தூக்கலாம்.

பெட்டி மாற்றுவது என்றால் ஒன்றைக் கழற்றி மற்றதைப் பூட்டுவது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. இங்கிலாந்து எஞ்சினின் பின்முகத்து ஆணித்துளைகளும் ஜப்பான் பெட்டியின் முன்முகத்துத் துளைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. நடுவே ஒரு தடித்த இரும்புத் தகடு வேண்டும். ஒரு பக்கம் ஒஸ்ரினின் துளை, மறுபக்கம் சனியின் துளை. அந்தத் தகட்டைக் கடைசல் பட்டறையில் வெட்டி எடுத்து வந்திருந்தார்கள். எஞ்சினின் சுழல்தண்டு நடுவும் பெட்டியின் உள்தண்டு நடுவும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். டயல் கேஜைப் பொருத்தி, சுழல்தண்டைக் கையால் சுற்றிச் சுற்றி, ஊசி ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துத் தகட்டை ஊசியளவு தட்டினார் அண்ணை. மறுபடி சுற்றினார். மறுபடி தட்டினார். முக்கால் மணித்தியாலம் இதே வேலை. தலைமயிர்த் தடிப்புக்கு விலகினாலும் ஆறு மாதத்தில் பெயாரிங் அழத் தொடங்குமாம்.

பிறகு கிளச் தட்டு. நடுக்குழல் ஜப்பான் தண்டின் பல்லுக்குப் பொருந்த வேண்டும், விளிம்பு ஒஸ்ரினின் பறக்குஞ்சில்லுக்குப் பொருந்த வேண்டும். இரண்டு தட்டுகளைப் பிரித்து ஒன்றாக ரிவிட் அடித்திருந்தார்கள். நடு ஜப்பான், ஓரம் இங்கிலாந்து. பின்சில்லுக்குப் போகும் நீளத்தண்டை வெட்டிக் குறுக்கி, ஒட்டி, ஆட்டம் பார்க்க வேண்டும். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் புதிது. தரைத்தகட்டில் கியர் தடிக்கு ஒரு ஓட்டை.

"ஸ்ரேறிங்கில இருக்கிற பழைய தடி?"

"அது நிக்கட்டாம். கார்க்காரர் சொல்லிப்போட்டார். சும்மா நிக்கும், ஒண்டோடயும் தொடுப்பில்லை."

42 குதிரைவலு எஞ்சினுக்கு அஞ்சாம் கியர் எதற்கு என்று கேட்டேன். பொடியன் சிரித்துவிட்டான். ஓடுகிற பெட்டி கிடைத்தது, அதுதான் காரணம் என்றார் அண்ணை. அஞ்சாவதைப் போட்டால் கார் மூச்சு வாங்கும். வேண்டியது முதல் மூன்றுதான்.

இந்த வேலைக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. வாகனப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் உண்டு. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும். கியர்பொக்ஸைப் புத்தகம் கேட்பதில்லை. ஒஸ்ரின் கொம்பனியே இப்போது இல்லை. எவனும் வாக்குக் கொடுக்காத காரில் எவனுடைய வாக்கும் முறிவதில்லை.

இந்தக் கைத்தொழில் இவர்களுக்கு ஆசையால் வந்ததல்ல. 1990 ஆனியில் யுத்தம் திரும்பத் தொடங்க, குடாநாட்டுக்குப் பெற்றோல், பற்றறி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடை. ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடிக்க வைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும், எஞ்சின் தேயும். ஒரு காரின் எஞ்சின், இன்னொரு காரின் பெட்டி, வேறொன்றின் அக்சில் என்று பூட்டிப் பூட்டித்தான் கொண்டிழுத்தார்கள். இந்த ஏ40கூட அந்தக் காலத்துக் கார்தான். 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, இதற்குள் இரண்டு கிழவிகளையும் ஒரு பிள்ளைத்தாய்ச்சியையும் ஏற்றி, சனத்துக்குள் அங்குலம் அங்குலமாக நாவற்குழிப் பாலம் கடந்தார்களாம்.

"இரண்டாம் கியர் மட்டும்தான் நிண்டது. மற்றதெல்லாம் போட்டால் தெறிச்சுப்போம். விடிய விடிய இரண்டாம் கியரில."

"அப்ப வொறண்டி?"

"வொறண்டி எண்டால் நான்தான். கார் நிண்டால் ஆள் விடுவினம். சைக்கிளில போவன்."

இந்த இடத்தில் உருகிவிட எனக்கு விருப்பமில்லை. அந்தக் காலத்தில் அரைகுறையாகப் பூட்டிய கார்கள் எத்தனை பேரை நடுத்தெருவில் விட்டன என்பதையும் அதே வாயால் அண்ணை சொன்னார். சைக்கிளில் வந்து திருத்தித் தருகிற மனிதர் நல்ல உத்தரவாதம்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு உத்தரவாதத்துக்கும் காய்ச்சல்.

வெசல்காரரின் நிலைமை வேறு. அவருடைய காரில் ஏழு கியர், இரட்டைக் கிளச், கூட ஒரு மின்மோட்டார். இதே அமைப்போடு 2013 செப்ரெம்பரில் ஜப்பானில் வந்த ஃபிற் ஹைபிரிட்டை 2014 ஒக்ரோபருக்குள் ஹொண்டா ஐந்து தடவை திருப்பி அழைத்தது. ஐந்துமே கியருக்காக வந்தவை என்றில்லை. ஆனால் தொடக்கத்தில் வந்தவை பெட்டியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைப் பற்றியவை. ஜப்பானில் கார் வைத்திருந்தவருக்குக் கடிதம் போயிருக்கும். கை மாறிக் கப்பலேறி வந்த காரை யாழ்ப்பாணத்தில் வைத்திருப்பவருக்கு யார் கடிதம் போடுவார்? அவருடைய பெட்டியை அண்ணை தயங்காமல் திறக்கிறார்.

ஆக அந்தத் தகரக் கூரைக்குக் கீழே கொழும்பில் ஒரு வாக்கு உயிரோடு இருந்த கார் என்னுடையது ஒன்றுதான். அந்த வாக்கை எடுத்துவா என்றார் அண்ணை. டாஷ்போர்ட்டிலிருந்து உத்தரவாதப் புத்தகத்தை எடுத்தேன். கார் வாங்கியதிலிருந்து முதல் தடவையாக வாசித்தேன். அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை, அதனால் உரக்க.

14ஆம் பக்கம், சின்ன எழுத்து. மாற்றம் செய்ததால் ஏற்படும் பழுதுக்குக் கொம்பனி பொறுப்பல்ல என்று ஒரு வாக்கியம். அதற்கு இரண்டு வரி கீழே, அங்கீகாரமில்லாத இடத்தில் எஞ்சினையோ கியர்பொக்ஸையோ கழற்றினால் உத்தரவாதம் முழுவதும் செல்லாது என்று இன்னொன்று. இரண்டுக்கும் இடையே பெரிய தூரம். முதலாவது நியாயம். நான் வேறு பெட்டி பூட்டி அது உடைந்தால் எவனிடம் போய்க் கேட்பது? இரண்டாவது வேறு மாதிரி: பெட்டியில் கை வைத்தால் கதவுக் கண்ணாடி இறங்காததற்கும் ஏசி குளிராததற்கும்கூட நான்தான் பொறுப்பு. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மக்னசன்–மொஸ் சட்டம், வெளியார் பாகமோ வெளியார் வேலையோ பாவித்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தைத் தள்ள விடுவதில்லை. அந்த மாற்றம்தான் பழுதுக்குக் காரணம் என்று கொம்பனி காட்ட வேண்டும். அங்கேயும் நீங்களாகப் பூட்டிய பெட்டிக்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். ஆனால் கண்ணாடி இறங்கும்.

இங்கே நமக்கு இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்றபடி பொருள் இல்லை என்றால் எழுத்தில் முறையிடலாம். தொலைபேசியில் கதைத்தது அதற்குப் போதாது. அண்ணைக்குச் சட்டம் தெரியாது, ஆனால் அவர் சொன்னதும் அதுதான்.

"கதைக்காதையும். எழுதும். எத்தினையாம் கிலோமீற்றரில குலுக்கம் வந்தது, எண்டைக்கு அறிவிச்சனீர், ஆர் என்ன சொன்னவை, எல்லாம் எழுதிப் பதிவுத் தபாலில போடும். ஓடிக்கொண்டு கொழும்புக்குப் போகாதையும். வவுனியாவில பட்டி அறுந்தால், பழுது தெரிஞ்சும் ஓடினது எண்டு சொல்லுவினம். கரியரில ஏத்தும்."

எழுதினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது: 20 ஆயிரமாவது கிலோமீற்றர் சேவிஸுக்கு முத்திரை இல்லை, ஆகவே உத்தரவாதம் பற்றி மீள ஆராய வேண்டியுள்ளது.

அது என் பிழை. கிளையில் வரிசை நீளம் என்று வீட்டுக்குப் பக்கத்திலேயே எஞ்சின் ஒயில் மாற்றியிருந்தேன். மஞ்சள் கோட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தவனுக்கு, அதற்கு ஒன்றரை வருடம் முன்பே வேறொரு கோட்டைத் தாண்டிவிட்டது அன்றைக்குத்தான் தெரிந்தது. நல்லவேளையாகப் பற்றுச்சீட்டு இருந்தது. ஒயிலின் தரமும் திகதியும் கிலோமீற்றரும் அதில் இருந்தன. எஞ்சின் ஒயிலுக்கும் கியர்பொக்ஸ் பட்டிக்கும் என்ன தொடர்பு என்று ஒரு பத்தி எழுதி, சீட்டின் பிரதியோடு இரண்டாவது கடிதம் போட்டேன். பிரதியொன்று பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தேன். அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்த தொலைபேசியின் குரலே வேறு.

பெட்டி வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம். கொழும்பு வேலைத்தலத்தில் வாடிக்கையாளர் நிற்கிற கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நிலம் பளிங்கு மாதிரி. குழி இல்லை, கார் மேலே எழும்பி நிற்கிறது. கையுறை போட்ட பொடியன் ஒருவன் பெட்டியின் சீட்டிலிருந்த குறியீட்டைக் கணினிக்குள் ஏற்றினான். இரண்டு எழுத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து சரிபார்த்தான். பிறகு ஆணிகள். அளவு காட்டும் ஸ்பனரால் ஒவ்வொன்றாக இறுக்கி, சட்டைப் பையிலிருந்து பேனை ஒன்றை எடுத்தான். தலையில் தொடங்கி உடல்வரை ஒரு கோடு. அதே மஞ்சள்.

வேலை அட்டையில் புதுப்பெட்டியின் இலக்கத்தை எழுதித் தரும்படி கேட்டேன். முதலில் அது வழக்கமில்லை என்றார்கள். நின்றுகொண்டிருந்ததால் எழுதித் தந்தார்கள். புதுப்பெட்டிக்குப் புதிதாக மூன்று வருடம் கிடையாது. காரின் மிச்ச உத்தரவாதம் எவ்வளவோ அவ்வளவுதான் அதற்கும்.

திரும்பி வந்து கொக்குவிலில் காட்டினேன். அண்ணை படுத்து ரோச் அடித்துப் பார்த்தார். குலுக்கம் இல்லை. ஒஸ்ரின் வெளியே பூவரசுக்குக் கீழே நின்றது. பழைய தடி ஸ்ரேறிங்கில் அப்படியே இருந்தது.

உத்தரவாதம் மிச்சமிருக்கும் கார் உங்களிடம் இருந்தால் மாற்றங்கள் பற்றிய பக்கத்தை இன்றைக்கே எடுத்து வாசியுங்கள். சேவிஸ் முத்திரைகளை எண்ணுங்கள். வெளியில் ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டு இருந்தால் நிழற்பிரதி எடுத்து வையுங்கள். அந்தத் தாளில் மை நாளடைவில் மங்கிவிடும்.